எந்த ஊரில் வைத்துச் சொல்வது?

லோர்னா: ...வேண்டாம் ராட்னி, ஸ்டோன்ஹெஞ்சைக் கொண்டுபோய் முதல் நாளே வைக்காதே. ராத்திரி முழுக்க விமானத்துல குறுகி உட்கார்ந்து வந்தவங்களை வெட்டவெளியில நிறுத்தி, இதோ பாருங்க கல்லுன்னா...

ராட்னி: அஞ்சாயிரம் வருஷமா நிக்குது. ஒரு நாள் தள்ளினா கோவிச்சுக்காது. செவ்வாய்க்கிழமைக்கு மாத்தறேன்.

லோர்னா: செவ்வாய் பாத் நகரம்.

ராட்னி: அப்ப புதன்.

லோர்னா: புதன் வைட் தீவு. தீவுக்குப் போயே ஆகணும்னு நீதானே குதிச்ச?

ராட்னி: சம்பந்தியம்மா அனுப்பின பட்டியலை இன்னொரு தடவை படி.

லோர்னா: விண்ட்சர் கோட்டை, ஆக்ஸ்ஃபோர்டு, பாத், ஸ்டோன்ஹெஞ்ச், சாலிஸ்பரி, லண்டன்... கீழ, "நேரம் இருந்தா ஸ்காட்லாந்து".

ராட்னி: நேரம் இருந்தா!

லோர்னா: சிரிக்காதே. ஒஹையோவுலேர்ந்து பார்த்தா எல்லாம் பக்கம் பக்கமாத்தான் தெரியும். நாளைக்குக் காலையில வந்து இறங்கறாங்க. வியாழக்கிழமை மத்தியானம் சவுத்தாம்ப்டன்ல கப்பலேறணும். நடுவுல மூணு நாள். அதுல ஒரு நாள் அரைத் தூக்கம்.

ராட்னி: அதான் சொல்றேன், நாளைக்கு ஹீத்ரோவுலேர்ந்து நேரா விண்ட்சர். வழியிலயே இருக்கு. செவ்வாய் புதன் கோட்டையை மூடிடுவாங்க. நாளைக்கு விட்டா கிடையாது.

லோர்னா: நாலு பேரு, ஆறு பெட்டி. ஒரு பெட்டியில நம்ம பொண்ணோட கல்யாண கவுன். அதைத் தூக்கிக்கிட்டு ராஜா வீட்டுக்குப் போறதா?

ராட்னி: விண்ட்சரை அடிச்சாச்சு.

லோர்னா: கோவமா அடிக்காதே, காகிதம் கிழியுது.

ராட்னி: செவ்வாய்க்கிழமை பஸ்ஸுல போறதா இருந்தா ஒன்பதரைக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி என்னோட முதியோர் பாஸ் செல்லாது.

லோர்னா: அவங்ககிட்ட பாஸே கிடையாது, ராட்னி. உன் ஒருத்தன் பாஸுக்காக அஞ்சு பேர் ஒன்பதரை வரைக்கும் ஸ்டாப்புல நிக்கணுமா? பாத்துக்கு ரயில். நம்ம ராம்ஸியிலேர்ந்தே நேரா போகுது.

ராட்னி: சரி, ரயில். டீ போடறேன். டீத்தூள் எங்க?

லோர்னா: இடது பக்க அலமாரி.

ராட்னி: வலது பக்கம்தானே...

லோர்னா: அது நீ இருந்தப்ப.

ராட்னி: இதுதான் எனக்குப் பயம். நாளைக்கு சம்பந்தியம்மா முன்னாடி நான் டீத்தூளைத் தேடிக்கிட்டு நின்னா என்ன நினைப்பாங்க?

லோர்னா: புருஷன்னு நினைப்பாங்க. எந்தப் புருஷனுக்குத் தெரிஞ்சிருக்கு?

ராட்னி: ஒன்பது வருஷம் ஆச்சு, லோர்னா. இந்த வீட்டுல எந்த ஸ்விட்ச் எதுக்குன்னே மறந்துபோச்சு. நேத்து வரைக்கும் நான் ஈஸ்ட்லீயில ஒரு அறையும் அரையுமா இருக்கறவன். திடீர்னு நாலு நாளைக்கு இங்க குடியிருந்த மாதிரி நடமாடுன்னா...

லோர்னா: யாரு நடமாடச் சொன்னா? நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. நாம ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சவங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிடணும். கப்பலேறறதுக்குள்ள. எந்த ஊர்ல, எந்த நாள்லங்கறதுதான் கேள்வி. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். நீ என்னடான்னா கோட்டை, குளம், கல்லுன்னு எழுதிக்கிட்டிருக்க.

ராட்னி: ஊரை முடிவு பண்ணாம இடத்தை எப்படி முடிவு பண்றது?

லோர்னா: அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ராட்னி: நான் எங்க சொல்றது? பாய்லரைப் பார்க்க வந்தவன் நான். கால்ல வெறும் சாக்ஸு, கையில ஸ்பேனர். உள்ள நுழையறேன், உன் கம்ப்யூட்டர்ல ஒரு அம்மா, "அட, இவர்தான் உங்க வீட்டுக்காரரா!"ங்கறாங்க.

லோர்னா: நீ என்ன சொன்ன?

ராட்னி: சௌக்கியமான்னு கேட்டேன்.

லோர்னா: அதைக் கேட்டதும் எல்லாம் முடிஞ்சுது.

ராட்னி: நீயும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த? நீ சொல்லியிருக்கலாமே!

லோர்னா: எப்படிச் சொல்றது? முகமெல்லாம் பல்லா கேட்டாங்க. முதல் தடவை பேசறவங்களை மூஞ்சியில அடிச்ச மாதிரி "இல்லைங்க"ன்னு... அது மரியாதையா?

ராட்னி: அதையேதான் நானும் சொல்றேன்.

லோர்னா: அதுக்கப்புறம் பதினோரு தடவை பேசியாச்சு.

ராட்னி: ரெண்டாம் தடவை சொன்னா, முதல் தடவையே ஏன் சொல்லலைன்னு ஆயிடும். மூணாம் தடவை சொன்னா...

லோர்னா: கல்யாண நாளுக்கு வாழ்த்து அட்டை வந்துச்சு. நாற்பதாவது வருஷம்னு தங்க எழுத்துல.

ராட்னி: அட்டை நல்லா இருந்துச்சு.

லோர்னா: அதுக்கு நீ பதில் வேற எழுதின!

ராட்னி: நன்றின்னு எழுதினேன். நன்றி சொல்றது பொய்யா?

லோர்னா: சம்பந்தியம்மா டார்லீன் நமக்காகப் போர்வை தச்சிருக்காங்க, தெரியுமா? துண்டு துண்டாத் துணி ஒட்டி, நாலு மாசம் உட்கார்ந்து. ஓரத்துல உன் பேரும் என் பேரும் ஊசிவேலை. ரெட்டைக் கட்டில் அளவு.

ராட்னி: பாதியா மடிச்சுக்கலாம்.

லோர்னா: உனக்கு எல்லாமே விளையாட்டு.

ராட்னி: இல்ல லோர்னா. பயந்தா எனக்கு வாய் இப்படித்தான் போகும். உனக்குத் தெரியாததா?

லோர்னா: அவங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்கு. கல்யாணத்துக்குக் கல்யாணம் செய்வாங்களாம். பெத்தவங்க ரெண்டு ஜோடியும் எழுந்து நின்னு, எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷம்னு சொல்லி, பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். அவங்களுக்கு நாற்பத்தி மூணு. நமக்கு நாற்பதுன்னு அச்சடிச்சே வச்சுட்டாங்க. மூணாம் நாள், நடுக்கடல்ல, கேப்டன் முன்னாடி.

ராட்னி: நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.

லோர்னா: என் பொண்ணு கல்யாணத்துல நாடகம் ஆட மாட்டேன். ஊர்ல நடந்தாலாவது தலைவலின்னு எழுந்து வெளிய போகலாம். கப்பல்ல எங்க போறது? வெளியன்னா கடல்தான்.

ராட்னி: சரி சரி. சொல்லிடலாம். இடம் சொல்லு.

லோர்னா: சாலிஸ்பரி. தேவாலயத்துக்குள்ள. அமைதியா இருக்கும், யாரும் சத்தம் போட முடியாது.

ராட்னி: ஞாயித்துக்கிழமை தவறாம ஜெபத்துக்குப் போறவங்க. அவங்களைத் தேவாலயத்துல உட்கார வச்சு, நாங்க பிரிஞ்சுட்டோம்னா? அதுவும் சம்பந்தி வெய்ன் அங்க எண்ணூறு வருஷத்துப் பழைய உரிமைச் சாசனத்தைப் பார்க்கப் போறேன்னு துள்ளிக்கிட்டிருக்கார். மனுஷன் அதைப் பார்ப்பாரா, நம்மளைப் பார்ப்பாரா?

லோர்னா: அப்ப ஸ்டோன்ஹெஞ்ச்.

ராட்னி: அந்தக் காத்துல கத்திச் சொல்லணும். ரெண்டு பஸ் நிறைய ஆளுங்க நின்னு கேப்பாங்க.

லோர்னா: காட்டுப் பக்கம் போய்ப் புல்லுல உட்கார்ந்து...

ராட்னி: குதிரை வரும்.

லோர்னா: என்ன குதிரை?

ராட்னி: நியூ ஃபாரஸ்ட் குதிரைங்கதான், சாண்ட்விச்சைப் பிடுங்கறதுக்குன்னே சுத்திக்கிட்டிருக்கே! நீ உருக்கமா ஆரம்பிப்ப, டார்லீன் கையிலேர்ந்து ரொட்டி போயிடும். அப்புறம் அன்னிக்குப் பூரா குதிரைப் பேச்சுதான்.

லோர்னா: பாத். அந்த டீக்கடை. பெரிய பன் வருமே, வெண்ணெய் தடவி. அதை வாயில வச்சுக்கிட்டிருக்கும்போது சொல்லிடலாம். உடனே கேள்வி கேட்க முடியாது.

ராட்னி: விக்கிக்கும்.

லோர்னா: புதன்கிழமை தீவுல, ஆஸ்பர்ன் மாளிகையில.

ராட்னி: விக்டோரியா ராணி வீட்டுலயா? புருஷன் போனதுக்கு நாற்பது வருஷம் கறுப்பு கட்டின மகராசி வீட்டுல நின்னா நம்ம கதையைச் சொல்றது?

லோர்னா: எந்த இடத்தைச் சொன்னாலும் ஒரு நொட்டை. நான் ஒண்ணைப் பேசி முடிக்கறதுக்குள்ள நீ...

ராட்னி: இதை நீ சொல்றியா!

லோர்னா: ஏன், நான் சொல்லக் கூடாதா? ஓ... விவாகரத்து மனுவுல எழுதினியே. "என் மனைவி என்னை ஒரு வாக்கியத்தைக்கூட..."

ராட்னி: "...முடிக்க விட்டதில்லை."

லோர்னா: இப்ப முடிச்சது நீதான்.

ராட்னி: வக்கீல் அஞ்சு குறை வேணும்னார், லோர்னா. அப்ப சட்டம் அப்படி. யார் மேலயாவது குறை சொல்லாம உடனே பிரிய முடியாது. எனக்கு யோசிச்சு யோசிச்சு மூணுதான் கிடைச்சுது.

லோர்னா: மீதி ரெண்டு?

ராட்னி: அவர் கைவசம் வச்சிருந்தார்.

லோர்னா: ரேடியோவுல கப்பல்காரங்களுக்கு வானிலை வாசிக்கறப்ப குறுக்க பேசறாள்னு இருந்துச்சே. அது உன்னோடதா, வக்கீலோடதா?

ராட்னி: ...என்னோடது.

லோர்னா: வாழ்நாள்ல ஒரு படகு வச்சிருந்தவன் இல்ல. வடகடல்ல காத்து எப்படி அடிச்சா உனக்கென்ன?

ராட்னி: கேக்க நிம்மதியா இருக்கும். அவ்வளவுதான். போன் அடிக்குது பாரு.

லோர்னா: டெஸ்ஸா! எல்லாருக்கும் கேக்கற மாதிரி வச்சுடறேன். சொல்லும்மா.

டெஸ்ஸா: அம்மா, அப்பா இருக்காரா அங்க?

ராட்னி: இருக்கேன்டா. டீ போட்டுக்கிட்டிருக்கேன்.

டெஸ்ஸா: நல்லது. சீக்கிரமாச் சொல்றேன், கேட்டுக்குங்க. எல்லாரும் கார்ல ஏறி உட்கார்ந்தாச்சு. பாஸ்போர்ட்டை மறந்துட்டேன்னு சொல்லிட்டு மாடிக்கு வந்திருக்கேன். எந்த நாள்?

லோர்னா: எது எந்த நாள்?

டெஸ்ஸா: அம்மா...

லோர்னா: புதன்கிழமைன்னு பேசிக்கிட்டிருக்கோம்.

ராட்னி: சாயங்காலமா. கிட்டத்தட்ட.

டெஸ்ஸா: கிட்டத்தட்ட புதன்கிழமையா? அப்பா, கேலம்கிட்ட நான் பழகின முதல் வாரமே உண்மையைச் சொல்லிட்டேன். அவன் அவங்கம்மாகிட்டச் சொல்ல மாட்டான். நானும் சொல்ல மாட்டேன். ஆரம்பிச்சது நீங்க ரெண்டு பேரும்.

ராட்னி: ஆரம்பிச்சது பாய்லர்.

டெஸ்ஸா: அப்பா! கப்பல்ல போனப்புறம் தெரிய வந்துச்சுன்னா, நான் நார்வே துறைமுகத்துலயே இறங்கிக்குவேன். விளையாட்டுக்குச் சொல்லல.

லோர்னா: அப்படியெல்லாம் பேசாதேம்மா. சொல்லிடுவோம்.

டெஸ்ஸா: நேத்து ராத்திரி சாப்பிடறப்ப டார்லீன் கேட்டாங்க. "உங்கப்பாவும் அம்மாவும் இத்தனை வருஷம் சேர்ந்திருக்காங்களே, என்ன ரகசியம்?"னு. "அவங்ககிட்டயே கேட்டுக்குங்க"ன்னேன். கேப்பாங்கம்மா. கண்டிப்பா கேப்பாங்க. ஹாரன் அடிக்கறாங்க, வைக்கறேன்.

லோர்னா: பத்திரமா வா... வச்சுட்டா.

ராட்னி: ம்.

லோர்னா: நார்வேன்னு சொன்னப்ப சிரிக்கவே இல்ல, கவனிச்சியா?

ராட்னி: கவனிச்சேன்.

லோர்னா: எனக்கு அந்தம்மாவைப் பிடிச்சுப்போச்சு, ராட்னி. அதுதான் கஷ்டமே. போன குளிர்காலம் டெஸ்ஸாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாரம் பக்கத்துலயே படுத்திருந்து கஞ்சி கொடுத்தாங்க. அப்படிப்பட்டவங்க முகத்தைப் பார்த்து ஆறு மாசமா வேஷம் போட்டுக்கிட்டிருக்கேன். வெக்கமா இருக்கு.

ராட்னி: எனக்கும்தான்.

லோர்னா: அதுக்கு மேல எதிர் வீட்டு மிஸஸ் பெட்டிஃபர் வேற. உன்னை வாசல்ல பார்த்தா, "என்ன ராட்னி, ஆளையே காணோம், திரும்ப வந்துட்டீங்களா?"ன்னு தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கேப்பா.

ராட்னி: கேட்டுட்டா.

லோர்னா: எப்ப?

ராட்னி: இப்பதான், பெட்டியோட உள்ள வர்றப்ப.

லோர்னா: என்ன சொன்ன?

ராட்னி: சௌக்கியமான்னு கேட்டேன்.

லோர்னா: கடவுளே... சரி, முடிவா சொல்றேன், குறுக்க பேசாதே. புதன்கிழமை தீவுலேர்ந்து திரும்பற படகுல சொல்லலாம். சரியா ஒரு மணி நேரம். எல்லாரும் உட்கார்ந்துதான் ஆகணும், கையில காப்பி இருக்கும். இறங்கினதும் வீடு. ராத்திரி தூங்கி எழுந்தா பாதி ஆறிப்போகும். வியாழக்கிழமை கப்பல்.

ராட்னி: படகுல நிறைய கூட்டம்...

லோர்னா: நானே சொல்றேன். நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும். கேளு. "டார்லீன், வெய்ன், உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருக்கோம்."

ராட்னி: நல்லா இருக்கு. அதோட நிறுத்திக்கலாம்.

லோர்னா: "அன்னிக்கு நீங்க கேட்டப்ப மறுக்க மனசு வரல. தப்பு எங்களோடது. நானும் ராட்னியும் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே விவாகரத்து..."

ராட்னி: அந்த வார்த்தை வேண்டாம்.

லோர்னா: எந்த வார்த்தை?

ராட்னி: கடைசி வார்த்தை.

லோர்னா: பின்ன எப்படிச் சொல்றது? வீடு மாத்திட்டோம்னா?

ராட்னி: தனித்தனியா இருக்கோம்னு சொல்லு. போதும்.

லோர்னா: சுத்தி வளைக்கறதை விடணும்னுதானே இவ்வளவு பாடு? முழுசாச் சொல்லிடணும்.

ராட்னி: தனித்தனியா இருக்கோம்ங்கறதுதான் முழுசு, லோர்னா. மத்ததுதான்...

லோர்னா: மத்ததுதான்?

ராட்னி: டீ ஆறுது.

லோர்னா: ஆறட்டும். மத்ததுதான் என்ன?

ராட்னி: ...கோர்ட்டுல அது ரெண்டு கட்டம். முதல்ல ஒரு உத்தரவு வந்துச்சில்ல, உனக்கும் எனக்கும். அது வந்ததும் எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவாங்க. முடியல. ஆறு வாரம் கழிச்சு, மனு போட்டவன் இன்னொரு படிவம் அனுப்பணும். அதுக்கப்புறம்தான் கடைசிக் காகிதம் வரும். அது வந்தாத்தான் கல்யாணம் முறிஞ்சுதுன்னு அர்த்தம்.

லோர்னா: ம்.

ராட்னி: படிவத்தை நிரப்பினேன். உறையில போட்டேன். போஸ்ட் ஆபீஸ்ல இருபது நிமிஷம் வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. ஸ்டாம்ப் மட்டும் வாங்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

லோர்னா: ஸ்டாம்ப் மட்டுமா?

ராட்னி: அடுத்த வாரம் போகலாம்னு இருந்தேன். அப்புறம் கிறிஸ்துமஸ் வந்துச்சு. அப்புறம் மழை. அப்புறம்... போகலை. அவ்வளவுதான். படிவம் இன்னும் என் அலமாரித் துணிக்கு அடியில கிடக்கு.

லோர்னா: ஒன்பது வருஷமா?

ராட்னி: எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, உனக்குக் கோவம் வந்து அன்னிக்கே நீ ஒரு படிவம் வாங்கிப் போட்டுடுவியோன்னு பயம். தனியா இருக்கறது எனக்குப் பழகிப்போச்சு, லோர்னா. ஆனா உன் புருஷன் இல்லைன்னு ஒரு காகிதம் வர்றது... அதை நான் படிக்க விரும்பல. இப்பத் திட்டணும்னா திட்டிடு. நாளைக்கு அவங்க வந்தப்புறம் திட்ட முடியாது... ஏன் அப்படிப் பார்க்கற?

லோர்னா: எனக்குத் தெரியும், ராட்னி. கடைசிக் காகிதம் வரவே இல்லையேன்னு அடுத்த பிப்ரவரியிலயே கோர்ட்டுக்கு நான் போன் பண்ணினேன். "அவர் கேக்கவே இல்லைங்களே, வேணும்னா நீங்களே மனு போடலாம்"னு ஒரு பொண்ணு சொன்னா. யோசிச்சுச் சொல்றேன்னு வச்சேன்... இன்னும் சொல்லல.